கைபேசியும் கைவண்ணமும்

"இந்தக் கைபேசி வந்த நாள் முதல் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள், பாதர். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இதைப் பற்றிக் காரசாரமாக ஒரு பிரசங்கம் வையுங்கள்!" இப்படிக் கேட்காத பெற்றோர் இன்று எந்தப் பங்கிலும் இல்லை. கண்டியிலிருந்து அம்பிட்டிய, தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்ட மலைக்கு ஏறும் பாதையின் இருமருங்கிலுமுள்ள தோட்டங்களில் இந்த வேண்டுகோள் இன்னும் சற்று உரத்தே ஒலிக்கின்றது. கேட்டபடியே பிரசங்கம் வைத்தவர்களும் எம் சகோதரக் குருக்களிடையே உளர். குடியையும் சூதையும் கண்டித்த அதே மூச்சில் கைபேசியையும் கண்டித்துவிட்டால் கடமை முடிந்தது, பெற்றோருக்கும் மனநிறைவு. பிள்ளைகளோ பிரசங்கம் முடியும்வரை தலைகுனிந்தே அமர்ந்திருக்கின்றார்கள். அது மனஸ்தாபத்தினால் அன்று, மடியிலிருக்கும் கைபேசியைப் பார்ப்பதற்காகவே என்பது பீடத்தில் நிற்பவருக்கும் தெரியாமலில்லை.

எமக்கு இத்தகைய பிரசங்கங்களில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கைபேசியினால் தீங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. கேள்வி தவறான இடத்தில் தொடங்குகின்றது என்பதே எமது மனக்குறை. 'இந்தப் பொருள் நல்லதா, கெட்டதா?' என்று கேட்கின்றோம். பொருளுக்கு நன்மை தின்மை ஏது? கத்தியால் காய்கறி நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம் என்று மறைக்கல்வி வகுப்பிலேயே படித்துவிட்டோம். கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஒரு பொருளை உடைமையாகக் கொள்வதனால் ஒரு மனிதனின் வாழ்வு வளம் பெறக்கூடுமா? பெறுமாயின், அந்த வளம் எவ்வழியாக அவனிடம் வந்து சேர்கின்றது?

இது வேலையற்றவர்களின் தத்துவ விசாரம் என்று எவரும் எண்ணவேண்டாம். சாதாரணமான கைபேசி ஒன்றின் விலையை 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அந்த 1,350 ரூபாக் கணக்கில் பார்த்தாலும், இருபத்திரண்டு நாளுக்கு மேல் கொழுந்து பறித்தால்தான், அதுவும் வாய்க்கும் வயிற்றுக்கும் ஒரு சதம் செலவழிக்காமல் இருந்தால்தான், அந்தச் சிறு கண்ணாடிப் பலகை வீடு வந்து சேரும். பனியும் மழையும் அட்டைக்கடியும் சேர்ந்த இருபத்திரண்டு நாள்! அத்தனை உழைப்பைக் கொடுத்து வாங்கும் பொருள் அந்தக் குடும்பத்துக்கு என்ன தருகின்றது என்று கேட்பது குருவின் கடமை மட்டுமன்று, தாய் தந்தையரின் கடமையுமாகும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசெம்பரில் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 35ஆம் பகுதி, மனிதனின் மேன்மை அவனிடம் இருப்பவற்றைவிட அவன் யாராக இருக்கின்றான் என்பதிலேயே தங்கியுள்ளது எனப் போதிக்கின்றது. பிரசங்கிகள் விரும்பி எடுத்தாளும் பகுதி இது. ஆனால் அதே பகுதியில் இன்னொன்றும் உண்டு. மனிதன் உழைக்கும்போது பொருள்களையும் சமுதாயத்தையும் மாத்திரம் மாற்றுவதில்லை. தன்னையே வளர்த்துக்கொள்கின்றான், தன்னைத் தாண்டிச் செல்கின்றான் என்று சங்கப் பிதாக்கள் கூறுகின்றார்கள். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிட்டால், பொருள் எல்லாம் குப்பை என்ற போதனையாக அது திரிந்துபோகும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எமது கேள்விக்கு ஒரு வழி திறக்கின்றது. வைத்திருப்பது எவனையும் வளர்ப்பதில்லை. வைத்திருப்பதைக் கொண்டு ஒன்றைச் செய்பவன், ஒன்றை உண்டாக்குபவன், வளருகின்றான். அப்படியாயின், ஒரு கருவியைப் பற்றி நாம் கேட்கவேண்டியது, அதனால் ஒருவனுக்குள் என்ன போகின்றது என்பதுடன், அவனுக்குள்ளிருந்து என்ன வெளியே வருகின்றது என்பதுமாகும்.

இதற்குத் தூரத்து உதாரணம் தேடவேண்டியதில்லை. ஹேவாஹெட்ட மலைகளிலேயே இருக்கின்றது.

ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்து இளைஞர் 1852இல், தமது பதினாறாவது வயதில், இலங்கைக்கு வந்தார். தெல்தோட்டைக்கு அப்பாலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்டதையே இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கமாகக் கொள்கின்றோம். தமது பங்களாவின் விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரிநெருப்பு மூட்டி வாட்டி, அவர் தேயிலை செய்த கதை பாடப் புத்தகம் படித்த பிள்ளைகளுக்கும் தெரியும். 1892 மே 2ஆம் நாள் இறந்தார். கல்லறை கண்டி மஹியாவ மயானத்தில் இருக்கின்றது. இவ்வளவும் நமக்கு எவ்வாறு தெரிந்தன? அவர் தம் வீட்டாருக்குக் கடிதங்கள் எழுதினார். அக்கடிதங்கள் இன்று எடின்பரோவிலுள்ள ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவருடைய நிழற்படமும் உண்டு. தாடி வைத்த அந்த முகத்தை இன்றும் நூல்களில் அச்சிடுகின்றார்கள்.

அதே மலையில் அவரோடு காடு வெட்டியவர்கள், கன்று நட்டவர்கள், கொழுந்து கிள்ளியவர்கள் நம்மவர்கள். அவர்களுக்கும் ஊரில் தந்தை இருந்தார், தாய் இருந்தாள். அவர்களுக்கும் சொல்ல ஆயிரம் இருந்தன. வயல்காட்டிலிருந்து வந்தவனுக்கு முதல் நாள் அந்த மலைப்பனி எப்படி இருந்தது? வழியில் செத்தவர்களை எங்கே புதைத்தார்கள்? ஒரு கடிதம் கிடைக்கின்றதா? டெய்லரிடம் இருந்தது, இவர்களிடம் இல்லாதது என்ன? அறிவு என்று சொன்னால் அது நம் முன்னோரைப் பழிப்பதாகும். அவரிடம் தாளும் மையும் எழுத்தும் அஞ்சலும் இருந்தன. நம்மவர்களிடம் இருந்த தாள் ஒன்றே ஒன்று. கங்காணிக்கு இவன் இவ்வளவு கடன்பட்டிருக்கின்றான் என்று எழுதிய 'துண்டு' அது. கடனைத் தீர்க்காமல் தோட்டம் மாறமுடியாது. அந்த முறையை 1921இல் ஒழித்தார்கள். எழுத்து என்பதே கடனாக அறிமுகமான ஒரு சமூகம் தன் கதையைத் தானே எழுதவில்லையே என்று கேட்பது நியாயமாகுமா?

1940 ஜனவரி 10ஆம் நாள் ஹேவாஹெட்டவின் முல்லோயா தோட்டத்தில், சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அதனைத் தொடர்ந்து அரசியல் நெருக்கடியும் மூண்டது. தாள் தாளாக எழுதினார்கள். அத்தனையும் அவரைப் பற்றிப் பிறர் எழுதியவை. இன்று அப்படி ஒன்று நடந்தால் பத்துக் கைபேசிகளாவது அதனைப் பதிந்து வைத்திருக்கும். சாட்சியமும் ஒருவகைப் படைப்பே என்று நாம் கருதுகின்றோம். ஆயினும் இன்று பேச வந்தது சாட்சியம் பற்றியன்று, அன்றாட வாழ்வைப் பற்றி.

நம்மவர் எழுதவில்லையே தவிர, பாடினார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்துமலைப் பாட்டும் காமன் கூத்தும் இல்லாத தோட்டம் ஏது? அவற்றைத் தாளில் ஏற்ற ஒருவர் வரவேண்டியிருந்தது. 1940இல் மீனாட்சியம்மையார் தம் பாடல்களைச் சிறு நூலாக அச்சிட்டுப் பரப்பினார். கணவர் நடேசய்யர் பத்திரிகையாளர். அச்சுக்கூடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் திரட்டி 1983இல் நூலாகத் தந்தார். நம் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப் (1934–2022) லயத்து வாழ்வைச் சிறுகதையிலும் நாவலிலும் நிலைநிறுத்தினார். 2013இல் தமிழகத்தில் விஷ்ணுபுரம் விருது பெற்றார். இவர்கள் பெரியவர்கள். ஆனால் ஒரு வேலுப்பிள்ளை எத்தனை தோட்டத்துக்குப் போகமுடியும்? அவர் போகாத தோட்டத்துப் பாட்டுகள் பாடியவரோடு மண்ணுக்குள் போயின.

'அப்படியென்றால் ஒரு அப்பியாசக் கொப்பியும் பேனாவும் போதுமே, முப்பதாயிரம் ரூபாக் கருவி எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு எமக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுவதே பதில்.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கொழும்பில் புடைவைக்கடையில் வேலை செய்கின்றார். விடுமுறைக்கு வந்தவர், எண்பது வயதைக் கடந்த தம் பாட்டியின் ஒப்பாரியைக் கைபேசியில் பதிய விரும்பினார். பாட்டி மறுத்துவிட்டார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைப்பது ஆகாது என்பது பழைய நம்பிக்கை. பேரன் விடவில்லை. கடைசியில் வீட்டுக்கு வெளியே, தேயிலை ஓரத்திலுள்ள கல்லில் போய் அமர்ந்து பாடினார். பாடி முடித்ததும் பேரன் அதனைத் திரும்பக் கேட்கச் செய்தார். "இது யாரு பாடுறது?" என்று கேட்டாராம் பாட்டி. தம் குரலை அவர் அதற்குமுன் கேட்டதே இல்லை. இரண்டாம் முறை கேட்டபோது, "நடுவுல ரெண்டு அடியை விட்டுட்டேன்டா, திரும்பப் புடி" என்றார். மூன்றாம் முறை, தம் தாயார் இதே பாட்டை வேறு மெட்டில் பாடுவார் என்று சொல்லி, அதையும் பாடிக் காட்டினார். அந்த ஒரு பிற்பகலில் ஒன்பது பாட்டுகள்.

இதில் என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கொப்பியும் பேனாவும் அவருக்கு எந்த உதவியும் செய்திரா. பேரன் எழுதியிருந்தாலும் சொல் வந்திருக்கும். மெட்டும் விம்மலும் வந்திரா. அதற்கும் மேலாக, தம் பாட்டைத் தாமே வெளியில் நின்று கேட்டு, குறை கண்டு, திருத்தினார் பாருங்கள், அதுதான் ஆக்கம். கவிஞன் தன் கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்துவது எதுவோ, அதுவே இது. எழுத்தறியாதவருக்குக் கிடைத்த முதல் பேனா இந்தக் கைபேசி என்று நாம் துணிந்து சொல்லுவோம். பேரனும் வளர்ந்தார். அதுவரை 'கிழவியின் ஒப்பாரி' என்றிருந்தது, அன்று முதல் அவருக்கு ஆராயத்தக்க பொருளாயிற்று. சில சொற்களுக்குப் பொருள் தேடினார். இணையத்தில் 'நூலகம்' என்னும் மின்னூலகம் 2005 முதல் இயங்கி வருகின்றது; ஈழத்துத் தமிழ் நூல்களும் ஏடுகளும் பல்லாயிரக்கணக்கில் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. மலையக எழுத்துக்களை அவர் முதன்முதலில் கண்டது அங்கேதான், லயத்து வாசற்படியில் அமர்ந்து. அதற்குமுன் நூலகம் என்றால் பஸ் ஏறிக் கண்டிக்குத்தான் போகவேண்டும்.

வசதி படைத்தவனுக்கு இது ஆடம்பரம். அவனிடம் ஏற்கெனவே புத்தக அலுமாரி இருக்கின்றது. பிள்ளைக்குச் சங்கீத ஆசிரியர் வீட்டுக்கு வருகின்றார். மேசை மேல் கமரா இருக்கின்றது. இவற்றில் ஒன்றுமில்லாதவனுக்கு இவை எல்லாமே ஒரே பெட்டிக்குள் வருகின்றன. ஏழைக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று கேட்பவர், பெரும்பாலும் தாம் இரண்டு கைபேசி வைத்திருப்பவராகவே இருக்கின்றார்.

எமது பத்திரிகை அலுவலகத்திலும் இந்த மாற்றத்தைக் காண்கின்றோம். முன்னர் கோடு போட்ட தாளில் எழுதி, முத்திரை ஒட்டி அனுப்பக்கூடியவர்களின் ஆக்கங்களே வரும். இப்போது ஒரு மூதாட்டி கொப்பியில் எழுதிய அன்னை மரியாள் மீதான கும்மிப் பாட்டைப் பேர்த்தி படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகின்றாள். படம் சற்று மங்கல். பாட்டு நல்ல பாட்டு. ஒரு குறையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இளையோர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புவது எம் கண்ணுக்கும் மனத்துக்கும் சோதனை. 'அம்மா' என்று எழுதக் கைபேசியிலேயே 'அ' இருக்கின்றதே!

இனி உறவைப் பற்றி. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிகுதி 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற இரயிலை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றழைத்தார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தவர்கள் பலர். முதலில் கடிதம் வந்தது; பிறகு ஆண்டுக்கு ஒன்றாயிற்று; எழுதிக் கொடுப்பவர் இறந்தபின் நின்றே போயிற்று. பிற்காலத்தில் மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்றவர்கள் ஒலிநாடாவில் பேசி அனுப்பிய காலமும் ஒன்றிருந்தது. ஒரே 'கசற்'றை வீடே சுற்றி அமர்ந்து கேட்டது. இன்று குவைத்திலிருக்கும் தாய், தன் மகள் தலைவாரிக்கொள்வதைக் கைபேசியில் பார்த்து, "வகிடு கோணல்" என்று திருத்துகின்றாள். நீலகிரியில் நடக்கும் அண்ணனின் அடக்கத்தை இங்கே தம்பி பார்த்து அழுகின்றார். தோளில் கைவைக்க முடியாதுதான். ஒரு வேளைச் சோறு விருந்தாகாதுதான். பசித்தவனிடம் அதைச் சொல்லித் தட்டை எடுத்துவிடுவோமா?

பக்தி முயற்சிகளுக்கும் இதுவே கதி. மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ் நிகழ்ச்சியைக் கேட்க, சிற்றலை 'ரேடியோ'வைக் காதில் வைத்துக்கொண்டு, இரைச்சலுக்கிடையே செபித்த குடும்பங்களை நாம் அறிவோம். 2018 ஜூன் 30ஆம் நாளோடு அதன் சிற்றலை ஒலிபரப்பு நின்றது, இணையத்துக்கு மாறிற்று. ஆக, வேரித்தாஸ் கேட்க விரும்பும் பக்தியுள்ள பாட்டனாருக்கும் இன்று பேரனின் கைபேசியே கதி.

திருச்சபையும் இத்தகைய கருவிகளை ஒரே பார்வையில் பார்த்ததில்லை. 1936இல் பதினோராம் பத்திநாதர் சினிமாவைப் பற்றி விடுத்த சுற்றுமடலின் தொனி காவல்காரனின் தொனி. 1963இல் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏட்டை வெளியிட்டபோது, அதன் இலத்தீன் முதற்சொற்களே 'வியத்தகு' கண்டுபிடிப்புகள் என்று தொடங்கின. காவலும் வேண்டும், வியப்பும் வேண்டும். ஆனால் காவல் மாத்திரம் போதும் என்ற இடத்தில் திருச்சபை நின்றுவிடவில்லை.

தீங்குகளை நாம் மறைக்கவில்லை. அவற்றை விரித்தெழுத வேண்டியதுமில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். நள்ளிரவுவரை ஒளிரும் திரை, பெண்பிள்ளையின் படத்தைத் திருடிப் பரப்பும் கயமை, கைபேசியிலேயே கடனும் சூதும். இவற்றுள் மிகச் சாதாரணமாய்த் தோன்றுவதையே நாம் மிகப் பெரிதாக அஞ்சுகின்றோம்: மணிக்கணக்கில் விரலால் தள்ளிக்கொண்டே பார்த்திருப்பது. அதில் பாவமான காட்சி ஒன்றுமே இல்லாதிருக்கலாம். ஆயினும் உள்ளே போய்க்கொண்டே இருக்கின்றது. வெளியே ஒன்றும் வருவதில்லை. தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியன் அதைக் குடித்தும் அழிக்கவில்லை, சூதாடியும் தொலைக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்தான். அதற்காகத்தான் கண்டிக்கப்பட்டான் என்பதை மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் படிக்கும்போதெல்லாம் எமக்கு இந்தத் திரையின் நினைவு வருகின்றது.

2025 செப்டெம்பர் 7ஆம் நாள் பாப்பரசர் பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அக்குத்திசைப் பற்றி இளையோர் கூட்டங்களில் நிறையப் பேசுகின்றார்கள். கைபேசி வைத்திருந்த புனிதர் என்று ஒருவர் பேசக் கேட்டோம். அது சரியன்று. கார்லோ 2006 ஒக்டோபர் 12ஆம் நாள் பதினைந்தாவது வயதில் மரித்தார். ஐபோன் வெளிவந்ததே 2007இல். அவரிடம் கணினி இருந்தது. அதைக்கொண்டு நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி ஓர் இணையத்தளம் அமைத்தார். விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமே ஒதுக்கினார் என்று தாயார் சொல்லியிருக்கின்றார். நாம் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தையே எடுத்துச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகின்றோம். மற்ற மணிகளில் அவர் ஒன்றை உண்டாக்கினார் என்பதை அழுத்திச் சொல்வதில்லை.

ஆனால் உண்டாக்குவது மாத்திரம் போதுமா? இங்கே புனித தோமஸ் அக்குவினாஸ் நம்மை ஒருகணம் நிறுத்துகின்றார். கைத்திறன் செய்யப்படும் பொருளை நல்லதாக்குகின்றது; விவேகமோ செய்பவனையே நல்லவனாக்குகின்றது என்று அவர் பிரித்துக் காட்டுகின்றார். அருமையான வீடு கட்டுபவன் அதனாலேயே நல்லவனாகிவிடான். அயலவரின் நடையையும் பேச்சையும் கேலி செய்து ஒருவன் வெகு திறமையாக ஒரு காணொளி தயாரிக்கலாம். ஆயிரம் பேர் சிரிப்பார்கள். வேலை நேர்த்தி, வேலைக்காரன் சிறுத்துப்போனான். எனவே கைவண்ணம் வளர்ந்ததா என்பதுடன், அது யாரைத் தொட்டது, எப்படித் தொட்டது என்றும் கேட்கவேண்டியிருக்கின்றது.

அதே தோமஸ், உடைமையைப் பற்றி இன்னொன்றும் சொல்லுகின்றார். பொருளைத் தனக்கென்று வைத்திருக்க மனிதனுக்கு உரிமை உண்டு. பயன்படுத்தும்போதோ அதைப் பொதுவானதாகக் கருதி, தேவையுள்ளவரோடு மனமுவந்து பகிரவேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவியின் இந்தப் போதனையை நமது லயங்கள் புத்தகம் படிக்காமலே கடைப்பிடிக்கின்றன. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் இரவில், நல்ல கைபேசி வைத்திருப்பவனின் வாசலில்தான் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் சுட்டெண்ணோடு நிற்கின்றார்கள். அன்றைக்கு அந்தக் கைபேசி ஒருவனுடையதன்று.

பகிர முடியாமல் போன காலமும் ஒன்றுண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் மாறின. ஊவாவின் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடித் தம் ஆசிரியையோடு மலைப்பாறைக்கு ஏறிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. தோட்டங்களிலோ பாறை ஏறினாலும் பயனில்லாத வீடுகள் இருந்தன. வீட்டுக்கு ஒரே கைபேசி. அதுவும் காலையில் தந்தையின் சட்டைப்பையோடு வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகளுக்கு இரவு எட்டு மணிக்குப் பின் அரைமணி அரைமணியாகப் பள்ளிக்கூடம். அந்நாட்களில் 'போன் வேண்டாம்' என்று எவரும் பிரசங்கம் வைத்ததாக எமக்கு நினைவில்லை.

இன்னொன்றை மனம் திறந்து சொல்லவேண்டும். வீட்டில் கைபேசி வாங்கினால் முதலில் யாருக்கு? தந்தைக்கு, பிறகு மகனுக்கு. கொழுந்து பறித்து அதற்குப் பணம் கட்டும் தாய்க்கு அதைத் திறக்கும் இலக்கம்கூடத் தெரியாது. மகளிடமிருந்து, கெட்டுவிடுவாள் என்று பறித்து வைக்கின்றோம். மகன் கெடமாட்டானா? பாட்டும் கதையும் வைத்தியமும் நம் குலத்தின் நினைவும் பெரும்பாலும் பெண்களிடமே இருக்கின்றன. கருவியோ ஆண்களின் சட்டைப்பையில் இருக்கின்றது. அந்தக் கைபேசி நம் வீடுகளை இதுவரை வளப்படுத்தவில்லை என்றால், காரணத்தில் பாதி இங்கேயே இருக்கின்றது என்பது எமது துணிபு.

மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அந்த வழியின் கதையைத் தம் தாத்தாவிடம் காதால் கேட்டவர்கள் இன்றும் நம் பங்குகளில் ஓரிருவர் இருக்கின்றார்கள். அடுத்த ஆண்டும் இருப்பார்கள் என்று சொல்லமுடியாது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் எத்தனை குடும்பங்களை ஒரே இரவில் கொண்டுபோயின என்பதைக் கண்டோம். அந்த நாட்களில் மின்சாரமும் சிக்னலும் இல்லாத இடங்களில் கைபேசி வெறும் கைவிளக்காகவே இருந்தது. அதுகூட உதவிற்று.

ஆகவே பிரசங்கத்துக்குப் பதிலாக ஒரு வேண்டுகோள். நவம்பர் மரித்த விசுவாசிகளின் மாதம் வருமுன், ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவர் ஒருவரை உட்காரவைத்து, பிள்ளைகள் கைபேசியில் பதியட்டும். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், மண்டப முகாமில் எத்தனை நாள், முதல் தோட்டம் எது, அந்தத் தோட்டத்துச் சிற்றாலயத்தை யார் கட்டினார்கள், திருநாளுக்கு என்ன பாட்டுப் பாடினார்கள். பெரியவர் வேறு திசையில் போனால் போகவிடுங்கள்; அங்கேதான் நல்ல கதை இருக்கும். பதிவின் தொடக்கத்திலேயே அவருடைய பெயர், தோட்டம், பிரிவு, அன்றைய தேதி ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். கைபேசி தொலையும், உடையும். ஆதலால் இன்னொருவருடைய கைபேசியிலும் ஒரு பிரதி இருக்கட்டும். எழுத்தாக்கித் தர வல்ல பிள்ளைகள் இருந்தால், அதனைத் தமிழ் எழுத்திலேயே எழுதி எமக்கு அனுப்பலாம். தக்கவற்றை வாரந்தோறும் அச்சிடுவோம். அனுப்பும்போது, பாடியவரின் அல்லது சொன்னவரின் பெயரை முதலிலும், பதிந்தவரின் பெயரை அதன் கீழும் குறிப்பிடுங்கள்.